வியாழக்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டு

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்ற யோசனையோடு அதே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தோம்.

"நாம எழுதினது சரியாவும் இருக்கலாமே, அத்தான்" என்றேன்.

"இருக்கலாம். எப்படிச் செஞ்சேன்னு சொல்லுங்கன்னு அந்தம்மா கேட்டாங்களே, உனக்குப் பதில் தெரிஞ்சுதா?"

"காபி வேணுமான்னு கேட்டாலே நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன்."

அவர் சிரிக்கவில்லை. சாதாரணமாக என்னுடைய மூன்று ஜோக்குகளுக்கு ஒன்றுக்காவது சிரிப்பார். அன்று காலையிலிருந்து நான் ஏழு சொல்லியிருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இருபது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர். நான் அவருடைய உதவியாளன். முப்பத்தெட்டு வயதில் நான் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா என்னை அவர் தலையில் கட்டிவிட்டாள். இந்தத் தொழிலுக்கு எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நாங்கள் ஏறியது செயற்கைக் கால்கள் செய்யும் பட்டறையின் மாடிப்படி. கீழே மாவு பிடித்த தரை, இழைப்பு எந்திரம், பிளாஸ்டர் அச்சுகளைக் காயவைக்கும் பெரிய மின்அடுப்பு, சுவர் முழுக்க முழங்கால்கள். மேலே ஒரே ஒரு அலுவலக அறை. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் காலுக்குக் காத்திருக்கும் அத்தனை பேருடைய அளவுகளும் இருந்தன. அளவெடுப்பவர் ஒரு பெண்மணி. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் பட்டறையில் எல்லாரும் அவரை டேப் அக்கா என்பார்கள்.

போன புதன்கிழமை டேப் அக்கா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பதினோரு வருஷம் கூட இருந்தவர் போகிறார் என்றதும் முதலாளிக்கு வருத்தம் வந்திருக்கலாம், வந்தது சந்தேகம். அளவுகளையெல்லாம் நகலெடுத்துக்கொண்டு போகிறாரோ என்று வேவு பார்க்க எங்களைக் கூப்பிட்டார். யாருக்கும் தெரியக் கூடாது என்பது நிபந்தனை.

ஆகவே வியாழக்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு நான் ஏ.சி. மெக்கானிக்காக அந்த அறைக்குள் நுழைந்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர், தோளில் துண்டு. ஏ.சி.யை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்ததில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரே பொருள் தூசி. அதைத் துடைத்தேன். மேசை இழுப்பறைகளைப் பார்த்தேன். பதினொன்றரைக்கு அத்தானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அறையில் டேப் அக்கா இல்லை. யாருடைய காலையோ அளவெடுக்க வெளியே போயிருந்தார். பிறகு அத்தானைக் கூப்பிட்டு, "இங்க கால் வைக்க இடமில்ல, எங்க பார்த்தாலும் காலாவே இருக்கு" என்பது போன்ற ஜோக்குகளைச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு ஐந்துக்குக் கிளம்பினேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் அத்தான் என்னைவிட விவரமாகச் சொன்னார்.

அன்று மதியம் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்ததாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. முதலாளி மாடி ஏறி வந்தபோது டேப் அக்கா அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதும், மறுபடி போடுவதும், மறுபடி அழுத்திப் பிடிப்பதுமாக இருந்தார். முதலாளி தன் கண்ணால் மூன்று தடவை பார்த்தார். போகிற போக்கில் பழிதீர்க்கிறாள் என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை அத்தான் அதையே நல்ல நடையில் எழுதினார்: ‘ராஜினாமா செய்த ஊழியர், கணினியை வேண்டுமென்றே மும்முறை முறைகேடாக அணைத்துச் செயலிழக்கச் செய்தார்.’ நான் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டேப் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை, கத்தவில்லை. மருத்துவமனைக்காரர்கள் விசாரித்தபோது முதலாளி எங்கள் அறிக்கையைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டிவிட்டாராம். இன்று மாலைக்குள் இதற்கு விளக்கம் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றப் போகிறாராம். அதற்கப்புறம் எதையும் நிரூபிக்க வழியில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் அதை எப்படிக் கெடுத்தேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கே தெரியணும்."

அத்தான் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி வைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார்.

*

முதலாளி எங்களைப் பார்த்ததும் மகிழ்ந்தார். எங்கள் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகம் மாறியது. டேப் அக்கா இந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்.

"வைக்க வேண்டாம். வாசல்லயே நிக்கட்டும். அவங்க குரல் உள்ளே வந்தாப் போதும்" என்றார் அத்தான். "பன்னிரண்டு மணி வரைக்கும் எங்களுக்கு நேரம் குடுங்க. எங்க வேலையை நாங்க பாதிதான் முடிச்சிருக்கோம்."

அப்படித்தான் அந்த வினோதமான வைத்தியம் ஆரம்பித்தது. வைத்தியர் நிலைப்படிக்கு வெளியே. நோயாளி மேசைமேல். நடுவில் கையும் விரலுமாக நான். கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, இதைச் சரிசெய்வதற்கு வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றார் டேப் அக்கா.

"முதல்ல பொத்தானைப் போடுங்க. கம்பெனி முத்திரை வரும். வளையம் சுத்த ஆரம்பிச்சதும் பொத்தானை அழுத்திப் பிடிச்சு அணைச்சிருங்க. இப்படி மூணு தடவை."

என் விரல் பொத்தான்மேலேயே நின்றது. அத்தான் தலையைத் திருப்பினார்.

"எத்தனை தடவை?"

"மூணு. மூணு தடவை ஆரம்பத்துலயே தடங்கினா, தனக்கு உடம்பு சரியில்லைன்னு அதுவே புரிஞ்சுக்கும். பழுதுபார்க்கிற திரையைத் தானாக் காட்டும். வியாழக்கிழமை அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்."

அத்தான் முதலாளியைப் பார்த்தார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். முதலாளி தொண்டையைச் செருமினார். அப்புறம் தான்தான் ஒயரைப் பிடுங்கியதாகச் சொன்னார்.

மூன்று முறை அணைத்தேன். நாலாவது முறை போட்டபோது, முத்திரைக்குக் கீழே ‘தானியங்கிப் பழுதுபார்ப்பு தயாராகிறது’ என்ற வரி வந்தது. குற்றம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது சிகிச்சையின் முதல் படி. அத்தான் சட்டைப் பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து, ‘மும்முறை’ என்று இருந்த வரியை அடித்தார். அவர் காது சிவந்திருந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழேதான் என் கையெழுத்தும் இருந்தது; நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

நீலத் திரை வந்தது. அதில் மேம்பட்ட தெரிவுகள் என்ற கட்டத்துக்குள் போகச் சொன்னார் டேப் அக்கா. உள்ளே ஆறேழு கருவிகள் வரிசையாக இருந்தன. முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது ஐந்து நிமிஷம் எதையோ தேடிவிட்டு, என்னால் முடியவில்லை என்று நாகரிகமாகக் கைவிரித்தது.

"எங்க அலுவலகத்துல வேலைக்குச் சேர்த்துக்கலாம்" என்றேன்.

வாசலில் டேப் அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கு ஏதோ பதக்கம் குத்திவிட்ட மாதிரி இருந்தது. அந்த அறையில் அவர் எனக்காகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது சிஸ்டம் ரீஸ்டோர். கம்ப்யூட்டர் ஏதாவது பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால், அப்போது தான் இருந்த நிலையை அவ்வப்போது குறித்து வைத்துக்கொள்ளுமாம்; அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிலைக்குத் திரும்பிப் போகும், நம் கோப்புகளில் கை வைக்காது. பாஸ்வேர்டு கேட்டது. முதலாளி வந்து இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் தட்டினார். தவறு என்று வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி தவறு.

"கடைசியில ரெண்டு பூஜ்யம்" என்றார் டேப் அக்கா வாசலிலிருந்து.

முதலாளி யாரையும் பார்க்காமல் இரண்டு பூஜ்யம் சேர்த்தார். திறந்தது. தேதிகள் கொண்ட பட்டியல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபத்தொன்பது. புதுப்பிப்புக்கு முன்.

"அதான்" என்றார் டேப் அக்கா. "நான் வெளியே போனப்புறம் அதுவா அப்டேட் ஏத்த ஆரம்பிச்சிருக்கு. நடுவுல ஏதோ ஆயிருக்கு. அதையே தேர்ந்தெடுங்க."

அரை மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்த முடியாது என்று எச்சரித்துவிட்டு வேலையைத் தொடங்கியது. அத்தான் கீழே இறங்கிப் போனார். வாட்ச்மேனிடம் எதையோ விசாரிப்பது காதில் விழுந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப் அக்கா நின்றுகொண்டே இருந்தார். நான் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய் வாசலுக்கு வெளியே போட்டேன். உட்காரவில்லை. மண்டிபோட்டும் நின்றும் அளவெடுத்தே பழகிவிட்டதாம்.

நேரம் போக வேண்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். இதற்குள்ளே நாற்பத்து மூன்று பேருடைய அளவு இருக்கிறது என்றார். துடைத்துவிட்டால் அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு, காயம் ஆறாத இடத்தில் மறுபடி பிளாஸ்டர் சுற்ற வேண்டும். இந்தப் புதன்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குப் பொருத்திப் பார்க்கும் நாள். ஆறு மாசத்துக்கப்புறம் வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்தப் போகிறோம் என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருடைய அளவு மட்டும் டேப் அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரியும். மற்றவர்களுடையதையும் மனப்பாடம் செய்ய வியாழக்கிழமை ராத்திரி முயற்சி செய்து பார்த்தாராம். பதினாறு பேருக்குமேல் நினைவுக்கு வரவில்லையாம்.

"என் மேல பழி போட்டது கூடப் பரவால்லைங்க. இவ்வளவு பேர் அளவை நான் அழிப்பேன்னு நினைச்சாங்களே, அதான்..."

 நான் எதையாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

பதினொன்று பத்துக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, வளையம் சுற்றியது. நாங்கள் எல்லாரும் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரை தெளிந்தது. ஓரத்தில் நாற்பத்து மூன்று கோப்புறைகள். முதலாளி எழுந்து வந்து ஒவ்வொன்றாகத் திறந்தார், மூடினார், அடுத்ததைத் திறந்தார். ஒரு எண்கூடத் தொலையவில்லை. டேப் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையை வேறு குரலில் எழுதியிருப்பேன்.

*

அத்தான் மாடியேறி வந்தார். கையில் வாசல் பதிவேடு. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று வாட்ச்மேன் எழுதி வாங்கும் தடித்த நோட்டு. அதை மூடியபடியே அக்குளில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை நடந்ததைக் கம்ப்யூட்டரே எங்கேயாவது எழுதி வைத்திருக்குமா என்று டேப் அக்காவைக் கேட்டார்.

இருக்கும் என்றார் அவர். நிமிஷத்துக்கு நிமிஷம் தனக்கு நடப்பதைக் குறித்துவைக்கும் ஒரு பதிவு உண்டு. அதைத் திறக்கும் வழியைச் சொன்னார். அத்தான் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். வியாழக்கிழமைக்கு நகர்த்தினார். பதினொன்று முப்பத்தொன்றுக்குப் புதுப்பிப்பு நிறுவல் தொடங்கியது. பதினொன்று நாற்பது வரை வரிசையாக வரிகள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அடுத்த வரி இன்றைக்குத்தான்.

"ஒழுங்கா அணைச்சா, அணையறேன்னு ஒரு வரி எழுதிட்டுத்தான் அணையும்" என்றார் டேப் அக்கா. "அது இல்லைன்னா கரண்ட் போயிருக்கணும்."

"போகலை" என்றார் அத்தான். "கீழே அடுப்புல ஒரு கடிகாரம் இருக்கு. கரண்ட் போனா பூஜ்யத்துல நின்னு கண்ணடிக்குமாம். கையால திருத்தினாத்தான் ஓடும். போன மாசத்துக்கப்புறம் அதை யாரும் தொடலை, இப்பவும் மணி சரியாக் காட்டுது. கட்டடத்துல கரண்ட் இருந்திருக்கு. இந்த மேசையில மட்டும் இல்ல."

அதாவது ஒயரை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு.

அவர் பதிவேட்டைத் திறந்தார். டேப் அக்கா வெளியே போனது பதினொன்று ஐந்து, திரும்பியது பன்னிரண்டு நாற்பது, பக்கத்திலேயே கையெழுத்து. முதலாளி அந்த நேரம் முழுக்கக் கீழே வாட்ச்மேனோடு லாரியில் வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார். மாடியில் இருந்தது ஒரே ஒரு ஆள். ‘ஏ.சி. வேலை, உள்ளே 11.25, வெளியே 12.05.’ எழுத்து சாய்வாக, அவசரமாக, பார்க்க லட்சணமாகவே இருந்தது. அது என் எழுத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னாலும், வெள்ளிக்கிழமை அத்தான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு விநாடி ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை நான் ஒரு ஜோக்கடித்து அனுப்பிவிட்டேன். எனக்கு அது சுலபமாக வரும்.

"ஏ.சி.காரரா?" என்றார் டேப் அக்கா. அவர் குரலில் முதல் தடவையாக உயிர் வந்திருந்தது. "அப்ப அவரைக் கேட்டாப் போச்சே. அவர் யாருன்னு தெரியுமா?"

அந்த அறையிலும் வாசலிலுமாக இருந்த நான்கு பேரில் அது தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

முதலாளி சட்டென்று குறுக்கே வந்தார். தெருவில் போன யாரையோ கூப்பிட்டு வந்தது, இனி எங்கே தேடுவது என்றார். டேப் அக்கா மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்துவிடலாம், விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். பதினோரு வருஷம் வேலை பார்த்தவர் பின்னால் ஆள் வைத்து வேவு பார்த்தது வெளியே வரக்கூடாது என்ற கவலை அவருக்கு. எனக்கும் வழி திறந்துதான் கிடந்தது. இல்லாத ஒரு ஏ.சி.காரன் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

அத்தான் என்னை ஜன்னலோரம் கூப்பிட்டார். தன் போனை எடுத்து வியாழக்கிழமைக்கு நகர்த்தி என் முகத்துக்கு நேரே பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதினொன்றரைக்கு நீ அனுப்பினது. ‘போன் உயிர் போகப் போகுது, ரெண்டு சதவீதம்தான் இருக்கு.’ பதினொன்னே முக்காலுக்கு நீயே கூப்பிட்டு, நாலு நிமிஷம் காலைப் பத்தி ஜோக்கடிச்சே. நான் சிரிச்சேன்." போனைப் பையில் போட்டார். "மாப்ளே, நடுவுல சார்ஜ் எங்கிருந்து வந்துச்சு?"

நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி அங்கேயேதான் கிடந்தது. மூன்று துளைகள். ஒன்றில் கம்ப்யூட்டர், ஒன்றில் திரை, ஒன்றில் மேசை விசிறி. ஏ.சி.யை நானே நிறுத்தியிருந்ததால் அன்று விசிறியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். போனை மாட்ட எதையாவது பிடுங்க வேண்டும், கிளம்பும்போது பழையபடி மாட்டிவிடலாம். விசிறியைப் பிடுங்கியிருக்கலாம். எனக்கு வேர்த்தது.

"நானும்தான் சிரிச்சேன், நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் அத்தான். "என் பங்கை நான் எழுதிக் குடுத்துடறேன். உன் பங்கை நான் சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து டேப் அக்காவின் குரல் வந்தது. முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைத் தேடிப் பிடிச்சுத் திட்டாதீங்க. பாவம், தெரியாமப் பண்ணியிருப்பார்."

மூன்று நாளாக ஊரே தன்னைத் திட்டியதைப் பொறுத்துக்கொண்டிருந்தவர், முகம் தெரியாத ஒருவனுக்காக அப்படிச் சொன்னார். நான் வாசலுக்குப் போனேன். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். 

"அந்த ஏ.சி.காரன் நான்தாங்க. உங்களை வேவு பார்க்க வேஷம் போட்டு வந்தேன். ஒயரைப் பிடுங்கினதும் நான்தான். என் போனுக்கு சார்ஜ் போட."

முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டேப் அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. மறுபடி என்னிடம் திரும்பினார்.

"அப்டேட் ஏறுறப்ப திரையில பெரிசா எழுதியிருக்குமே. அணைக்காதீங்கன்னு. நீங்க கவனிக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதை எந்தப் பதிவும் பிடிக்காது, அத்தானாலும் கண்டுபிடிக்க முடியாது.

"படிச்சேங்க. படிச்சிட்டுத்தான் பிடுங்கினேன். யாரும் இல்லையேன்னு."

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார், விரலில் சுற்றினார், மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அத்தான் இதற்குள் பழைய அறிக்கையின் குறுக்கே கோடிழுத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். ‘கணினியைச் சோதிக்காமல் நான் எழுதியது தவறு’ என்பது முதல் வரி. முதலாளியும் ஒரு வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி குனிந்து எழுதினார்கள்.

டேப் அக்கா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"உங்க போனைக் குடுங்க."

கொடுத்தேன். அதில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். எண்பத்தாறு சதவீதம். மருத்துவமனை எண்ணை மனப்பாடமாகத் தட்டினார்.

"கடிதத்தை அவங்க அப்புறம் படிச்சுக்கட்டும். வெள்ளிக்கிழமை என்னைப் பத்திப் போன்லதான் கேட்டாங்க. இன்னைக்கும் போன்லயே கேட்கட்டும்" என்று சொல்லி, மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க. ஜோக்கெல்லாம் வேண்டாம்."

நாலாவது மணியில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் கறாரான ஒரு பெண் குரல், யார் பேசுவது என்று கேட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ வேடிக்கையான பதில்கள் வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமை ஏ.சி. ரிப்பேர் பண்ண வந்தவன் பேசறேங்க" என்றேன்.